குட்டைக் குழலுக்கு எந்தத் தோட்டா?

போல்ட்-ஆக்‌ஷன் வேட்டைக் கைத்துப்பாக்கி (தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) ஒன்று வாங்குவதென்று முடிவெடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதை எந்தத் தோட்டாவுக்கு வாங்குவது என்று முடிவெடுக்க மூன்று மாதம் ஆயிற்று. கடைக்காரர்கள், வேட்டைத் தோழர்கள், தோட்டா உறைகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் பெரியவர்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொன்னார்கள். அவரவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பாதிப்பேர் ரைஃபிளை மனதில் வைத்துக்கொண்டு கைத்துப்பாக்கிக்குப் பதில் சொன்னார்கள் என்பது போகப்போகத்தான் புரிந்தது.

இங்கே நான் எழுதுவது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் வேட்டையைப் பற்றி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது என்பதை ஊரில் இருந்து படிப்பவர்கள் அறிவார்கள். டெக்சஸ் மலைநாட்டிலோ வெள்வால் மான்கள் மேய்ச்சல் நிலம் தாங்கும் அளவுக்கு மேல் பெருகியிருக்கின்றன. காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் ஒரு வயலைப் புரட்டிப் போட்டுவிடுகின்றன. நவம்பர் முதல் சனிக்கிழமை மான் பருவம் தொடங்குகிறது. அதற்குள் துப்பாக்கி கையில் பழகியிருக்க வேண்டும்.

பொருள் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரைஃபிளில் இருக்கும் அதே போல்ட் அமைப்பு. அதில் 10 முதல் 14 அங்குலம் வரை நீளமுள்ள குழல். தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை கிடையாது, கைப்பிடி மட்டும்தான். வேட்டைக்காரர் ஒளிந்து உட்காரும் மறைவிடத்தின் சிறிய சன்னலுக்குள் 22 அங்குலக் குழலைத் திருப்பத் திணறியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தோளில் முட்டும் கட்டை ஒன்றை நீங்களாக இதில் பூட்டிவிட்டால், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிள் என்று 1934-ஆம் ஆண்டின் தேசிய ஆயுதச் சட்டம் அதை வகைப்படுத்தும். முன்அனுமதியும் பதிவும் இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம். ஆகவே கைத்துப்பாக்கி கைத்துப்பாக்கியாகவே இருக்கட்டும்.

என் தேவை இது: தானியம் தூவும் கருவி மறைவிடத்திலிருந்து 90 கஜத்தில் நிற்கிறது. பொட்டல் வெளியின் கடைசி மெஸ்கீட் மரம் 180 கஜத்தில். மலைநாட்டு மான் உடல் சிறுத்தது, வடக்கு மாநிலங்களின் மானைப் போல் பருத்ததன்று. பன்றி வந்தால் அதற்கும் இதே துப்பாக்கிதான். 200 கஜத்துக்கு அப்பால் சுடும் எண்ணம் எனக்கு இல்லை.

இந்த வகைத் துப்பாக்கியின் பிறப்புக் கதையிலேயே என் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. ரெமிங்டன் நிறுவனம் 1963-இல் எக்ஸ்.பி.-100 என்ற போல்ட்-ஆக்‌ஷன் கைத்துப்பாக்கியை வெளியிட்டது. பத்தரை அங்குலக் குழல், நைலான் கைப்பிடிக் கட்டை, ஒரே ஒரு தோட்டா. முதலில் அதை .222 ரெமிங்டன் தோட்டாவுக்குத்தான் (பெயரில் உள்ள எண் ஏறத்தாழ குண்டின் விட்டம், அங்குலத்தில்) சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் குட்டைக் குழலுக்கு அதன் வெடிமருந்து அதிகம். குழல்வாயில் தீயும் இடியும் தாங்க முடியாத அளவுக்கு எழுந்தன. எனவே உறையைக் குட்டையாக்கி, மருந்தைக் குறைத்து, .221 ஃபயர்பால் என்ற புதுத் தோட்டாவைச் செய்தார்கள். 50 கிரெயின் (மூன்று கிராமுக்குச் சற்று மேல்) எடையுள்ள குண்டை வினாடிக்கு 2650 அடி வேகத்தில் அனுப்பும் என்று விளம்பரம் செய்தார்கள். குழலுக்கு ஏற்றபடி தோட்டாவைச் சுருக்கினார்கள். அறுபது ஆண்டு கழித்து நாம் அதே பாடத்தை மறுபடி கற்கிறோம்.

காரணம் எளிது. மருந்து எரிந்து உண்டாகும் வாயு விரிந்து குண்டைத் தள்ளுகிறது. குழல் நீளமாக இருந்தால் வாயு விரிய இடம் இருக்கிறது. குட்டையாக இருந்தால் குண்டு வெளியேறும்போதும் அழுத்தம் உயர்ந்தே இருக்கிறது. அந்த மிச்ச அழுத்தம் குண்டுக்கு உதவாமல் குழல்வாயில் வெடிக்கிறது. உறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வெடிப்பு.

இதை .308 வின்செஸ்டரில் கண்ணால் பார்த்தேன். நண்பர் ஒருவர் பத்தரை அங்குலக் குழலில் அந்தத் தோட்டாவைச் சுடுவதற்காகச் சுடுதளத்தின் தகரக் கூரைக்குக் கீழ் உட்கார்ந்தார். நான் இரண்டு மேசை தள்ளி நின்றேன். காதடைப்பானுக்கு மேல் காதுக்கவசமும் அணிந்திருந்தேன். சுட்டதும் மார்பில் யாரோ உள்ளங்கையால் அறைந்தது போல் இருந்தது. பந்து போன்ற ஆரஞ்சுத் தீ எழுந்து அடங்கியது. மேசைக்கு முன்னால் தரையிலிருந்து புழுதி எழுந்து, காற்றில்லாத அந்தக் காலையில் மெல்லக் கீழே படிந்தது. அவர் விரித்திருந்த பாயின் முன் விளிம்பில் எரியாத மருந்துத் துணுக்குகள் மிளகுத்தூள் போலக் கிடந்தன. மூன்றாவது தோட்டாவுக்குள் அவர் விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடத் தொடங்கிவிட்டார். நல்ல சுடுநர் அவர். குறை அவருடையதன்று.

.308-க்கு இழப்பு என்ன என்று பாருங்கள். 150 கிரெயின் குண்டு 24 அங்குலக் குழலில் வினாடிக்கு 2820 அடி வேகம் எடுக்கிறது. பத்தரை அங்குலத்தில் அது ஏறத்தாழ 2300. கைக்கு வரும் உதை மட்டும் குறைந்தபாடில்லை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புடன் ஐந்து பவுண்டு எடையுள்ள துப்பாக்கிக்குக் கணக்குப் போட்டேன். .308-க்குப் பின்னுதை 17 அடி-பவுண்டுக்கு (ஆற்றலை அளக்கும் அலகு) மேல் வருகிறது. பின்னால் நான் பேசப்போகும் இரண்டு தோட்டாக்களில் 6.5 கிரெண்டலுக்கு ஒன்பது, .300 பிளாக்அவுட்டுக்கு ஆறு. தோள் வாங்கிக்கொள்ள வேண்டியதை மணிக்கட்டு வாங்குகிறது என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும். 7 எம்.எம்.-08 தோட்டாவும் இதே குடும்பம்தான். சாவேஜ் நிறுவனத்தின் ஸ்ட்ரைக்கரைப் போல 14 அங்குலக் குழல் உள்ள துப்பாக்கியில் அது அருமையான மான் தோட்டா. 250 கஜத்துக்கு மேல் சுட வேண்டியவர்கள் அந்த நீளத்தை ஏற்றுக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். குட்டையான துப்பாக்கி வேண்டும் என்று தேடுகிறவருக்கு அது விடை ஆகாது.

.223 ரெமிங்டனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கிறது, விலை குறைவு, உதை மிகக் குறைவு. டெக்சஸில் மானுக்குச் சட்டப்படி செல்லும். ஆனால் அது வேகத்தை நம்பி வாழும் தோட்டா. பத்தரை அங்குலக் குழலில் அந்த வேகத்தைத்தான் முதலில் இழக்கிறோம். 55 கிரெயின் என்பது மூன்றரை கிராம். ஓநாய் இனத்துச் சிறு விலங்கான கொயோட்டிக்குப் போதும். விலா எலும்பைத் தாண்டி நுரையீரல் வரை போயே ஆக வேண்டிய குண்டுக்கு அந்த எடையை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

.300 பிளாக்அவுட்டுக்கு வருவோம். குட்டைக் குழலுக்கென்றே பிறந்த தோட்டா இது. தோட்டா வடிவமைப்பாளர் ஜே. டி. ஜோன்ஸ் 1990-களின் தொடக்கத்தில் .221 ஃபயர்பால் உறையின் கழுத்தை .30 விட்டத்துக்கு விரித்து .300 விஸ்பர் என்ற தோட்டாவைச் செய்தார். அதன் வழியில் வந்த பிளாக்அவுட்டுக்கு 2011 ஜனவரியில் துப்பாக்கி-தோட்டா உற்பத்தியாளர்கள் அமைப்பின் தரநிலை கிடைத்தது. ஆக, எக்ஸ்.பி.-100-க்காகச் சுருக்கப்பட்ட அந்த உறையின் பேரப்பிள்ளை இன்று மறுபடி ஒரு போல்ட் கைத்துப்பாக்கிக்கே வந்து சேர்கிறது. எனக்கு இந்த வம்சாவளி மிகவும் பிடித்தது.

வேகமாக எரியும் மருந்து 20 கிரெயினுக்கும் குறைவாகவே இதற்குப் போதும். ஒன்பது அங்குலக் குழலிலேயே வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 110 கிரெயின் குண்டு சுமார் 2100 அடி வேகத்தில் கிளம்புகிறது. சுடும்போது சத்தம் உண்டு, ஆனால் .308-ஐப் போல மார்பில் அறைவதில்லை. குறியைப் பார்த்துக்கொண்டே விசையை அழுத்த முடிகிறது. கைத்துப்பாக்கியில் இதைவிடப் பெரிய சலுகை இல்லை.

ஆனால் இந்தத் தோட்டாவில் குண்டைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் விலை கொடுப்பது மான். நான் அதைப் பார்த்திருக்கிறேன். தோட்டாக்களைத் தாமே நிரப்பும் ஒருவருடன் ஒரு பருவத்தில் சேர்ந்து போயிருந்தேன். .308 ரைஃபிளுக்கென வாங்கி மிச்சம் வைத்திருந்த 150 கிரெயின் குண்டுகளையே அவர் பிளாக்அவுட்டிலும் நிரப்பியிருந்தார். விட்டம் ஒன்றுதான், பொருந்தும். ஆனால் அந்தக் குண்டு வேகமாக மோதினால்தான் முனை மலரும்படி செய்யப்பட்டது. பிளாக்அவுட்டின் வேகத்தில் அது மலரவில்லை. பெண்மான் ஒன்றின் மார்பைப் பென்சில் துளைத்தது போலத் துளைத்துவிட்டுப் போயிற்று. குறி சரியான இடத்தில்தான் பட்டிருந்தது. மான் ஓடியது. சுண்ணாம்புக் கல்லின் மேல் துளித்துளியாக, சில இடங்களில் இரண்டு பாறைக்கு ஒரு துளியாக, கைவிளக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தேடினோம். சீடர் புதருக்குள் அது உயிரோடு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தோம். திரும்பி வரும் வழியில் யாரும் பேசவில்லை. தோட்டாவின் பெயரைப் பற்றி வாதிடுகிறவர்கள் குண்டின் பெயரைக் கேட்க மறந்துவிடுகிறார்கள் என்று அன்று முதல் சொல்லிவருகிறேன்.

சாதாரண ஈய-செம்பு வேட்டைக் குண்டுகள் மலர, மோதும்போது வினாடிக்குச் சுமார் 1800 அடி வேகம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பிளாக்அவுட்டில் அந்த வேகம் 100 கஜத்தைக் கடந்த கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஆகவே இதற்கென்றே செய்த குண்டு வேண்டும். பார்ன்ஸ் நிறுவனத்தின் 110 கிரெயின் டாக்-டி.எக்ஸ். என்ற முழுச் செம்புக் குண்டு இந்த வேகத்துக்கென வடிவமைக்கப்பட்டது. 1640 அடிக்கு வேகம் குறைந்த பிறகும், அதாவது 200 கஜத்திலும், அது மலர்கிறது. பிளாக்அவுட் வாங்குகிறவர் இதையோ இது போன்ற ஒன்றையோதான் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஒலியடக்கியுடன் ஒலியின் வேகத்துக்குக் கீழே போகும் 200 கிரெயின் தோட்டாக்களைச் சிலர் மானுக்குப் பரிந்துரைக்கிறார்கள். அவற்றின் ஆற்றல் 500 அடி-பவுண்டைத் தொடுவதில்லை. அமைதி வேண்டும் என்பதற்காக மானின் வேதனையை நீட்டிக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு .223 தோட்டாவையும் ஒரு .300 பிளாக்அவுட் தோட்டாவையும் உள்ளங்கையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் ஒன்று, விளிம்பு ஒன்று, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் ஒரே அளவு. பிளாக்அவுட் உறையே .223 உறையைக் குட்டையாக வெட்டிச் செய்யக்கூடியதுதான். மங்கிய வெளிச்சத்தில் விரல் நுனிக்கு வித்தியாசம் தெரியாது. சில பிளாக்அவுட் தோட்டாக்கள் .223 துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நுழைந்துவிடும், போல்ட்டும் மூடிவிடும். அப்புறம் விசையை அழுத்தினால் 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் குழலுக்குள் போக இடமின்றி, துப்பாக்கியே சிதறுகிறது. உண்மையில் பலமுறை நடந்திருக்கிறது. .223 ரைஃபிள் இருக்கும் வீட்டில் பிளாக்அவுட் நுழைந்தால் தோட்டாக்களை வெவ்வேறு அலமாரியில் பூட்டி வைப்பதும், வேட்டைக்குப் போகும்போது ஒன்றை மட்டும் வண்டியில் ஏற்றுவதும் கட்டாயம்.

.350 லெஜண்ட் வேறு ஊரின் பிரச்சினைக்குப் பிறந்தது. வின்செஸ்டர் 2019-இல் அதைக் கொண்டுவந்தது. மக்கள் நெருக்கமாக வாழும் சில மத்திய மேற்கு மாநிலங்கள், மிச்சிகனின் தென்பகுதி போல, மான் வேட்டைக்கு ரைஃபிள் தோட்டாக்களில் நேர்சுவர் உறை கொண்டவற்றை மட்டும் அனுமதித்தன. கழுத்துச் சுருங்கிய ரைஃபிள் தோட்டாவுக்கு அங்கே இடமில்லை. மிச்சிகன் விதி விட்டம் .35-க்குக் குறையக் கூடாது என்றும், உறை நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. லெஜண்டின் உறை 1.71 அங்குலம். விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடிவமைத்தது போலவே இருக்கிறது. 150 கஜம் வரை மானை நன்றாக வீழ்த்தும். கனமான, அகலமான குண்டு என்பதால் பன்றிக்கும் பிடித்தமானது. அத்தகைய மாநிலத்தில் வசிப்பவருக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன், அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பதைத் தவிர. டெக்சஸில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் அதன் வளைந்த பாதையை நான் சகித்துக்கொள்ளத் தேவையில்லை.

8.6 பிளாக்அவுட் என்ற புதியவரைப் பற்றியும் கேட்கிறார்கள். குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டிய புரி மூன்று அங்குலத்துக்கு ஒரு முறுக்கு என்ற வியப்பூட்டும் அளவில் அமைய, குட்டைக் குழலுக்கென்றே செய்தது. தோட்டா விலை அதிகம், வகைகளும் குறைவு. இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன்.

எஞ்சியது 6.5 கிரெண்டல். பில் அலெக்சாண்டர் முன்னின்று உருவாக்கிய இது 2003-இல் வெளிவந்தது. 7.62×39 தோட்டாவின் வழியில் வந்த .220 ரஷ்யன் உறையின் பரம்பரை. உறை குட்டை, தடிமன் அதிகம், குண்டு நீளம், ஒல்லி. 123 கிரெயின் என்றால் எட்டு கிராம். 12 அங்குலக் குழலில் அது 2150 முதல் 2200 அடி வேகத்தில் கிளம்புகிறது. பார்வைக்கு .308-ஐ விடக் குறைவுதான். ஆனால் காற்றைக் கிழித்துப் போகும் வடிவம் அதற்கு உண்டு. 200 கஜத்தில் இன்னும் 1850 அடி வேகம் மிஞ்சுகிறது. குட்டைக் குழல் .308-க்கு அதே தூரத்தில் 1930-ஐ ஒட்டி. மூன்றில் இரண்டு பங்கு மருந்தையும் பாதி உதையையும் வைத்துக்கொண்டு இவ்வளவு அருகில் வந்து நிற்கும் தோட்டாவை நான் வேறு பார்க்கவில்லை.

பிளாக்அவுட்டுடன் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வியப்பு. இரண்டையும் 150 கஜத்தில் குறி பொருத்தினால், 200 கஜத்தில் கிரெண்டல் நாலரை அங்குலம் தாழ்கிறது, பிளாக்அவுட் ஐந்தரை. ஒரே ஓர் அங்குலம்தான் வித்தியாசம். குண்டு தாழ்வதை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண். வேறுபாடு காற்றில் தெரிகிறது. மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்றில் பிளாக்அவுட் குண்டு ஆறு அங்குலம் ஒதுங்குகிறது, கிரெண்டல் நாலுக்குள் நிற்கிறது. 200 கஜத்தில் மிஞ்சும் ஆற்றலும் கிரெண்டலுக்கு 900 அடி-பவுண்டுக்கு மேல், பிளாக்அவுட்டுக்கு 650 அளவில். மலைநாட்டில் நவம்பரில் வடகாற்று திடீரென்று புகும். அந்த இரண்டு அங்குலம் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரத்தில் ஒரு பகுதி. 90 கஜத்துக்குள் மட்டும் சுடுகிறவருக்கு இது எதுவும் பொருட்டில்லை; அவர் பிளாக்அவுட்டை வாங்கி நிம்மதியாக இருக்கலாம்.

2020-இல் ஹார்னடி கொண்டுவந்த 6 எம்.எம். ஏ.ஆர்.சி. கிரெண்டலின் தம்பி, அதே உறையின் கழுத்தைச் சற்றே இறுக்கியது. நீளக் குழலில் அண்ணனை மிஞ்சும். குட்டைக் குழலில், மான் தூரத்தில், கனமான குண்டை அனுப்பும் அண்ணனே எனக்குப் போதும்.

தோட்டா எதுவானாலும் ஸ்கோப்பில் சிக்கனம் பார்த்து, வீட்டில் இருக்கும் ரைஃபிள் ஸ்கோப்பை மாட்டிவிடாதீர்கள். அதன் வழியே பார்க்கக் கண்ணை மூன்று நான்கு அங்குலத்துக்குள் கொண்டுபோக வேண்டும். தோள்கட்டை இல்லாத துப்பாக்கி உதைத்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளக்கும். கையை நீட்டிப் பிடித்தபடி பார்க்கும் கைத்துப்பாக்கி ஸ்கோப் தனியாக இருக்கிறது. உறுப்பெருக்கம் கூடக் கூட அதில் கண்ணை வைக்க வேண்டிய இடம் குறுகும் என்பதால், மறைவிடத்தில் நான்கு மடங்குக்கு மேல் நான் போவதில்லை.

என் வீட்டில் ஒரு .223 ரைஃபிள் இருக்கிறது. என் மகள் அதில்தான் சுடப் பழகுகிறாள். அவளே தோட்டாப் பெட்டியைத் திறப்பாள், அவளே நிரப்புவாள். உள்ளங்கையில் அந்த இரண்டு தோட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றே பிளாக்அவுட் என் பட்டியலிலிருந்து போய்விட்டது. கிரெண்டல் காற்றில் ஈட்டித் தந்த இரண்டு அங்குலம் அதற்குப் பிறகு வந்த ஆறுதல். கிரெண்டலின் அடிப்பாகம் .223-ஐ விடத் தடிமன், அந்த அறைக்குள் நுழையவே நுழையாது. பணம் கட்டிவிட்டேன்: 12 அங்குலக் குழல், எட்டு அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. 123 கிரெயின் குண்டில் நான்கு வகை தோட்டாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். மணல் மூட்டையின் மேல் வைத்து ஒவ்வொன்றிலும் இருபது சுட்டு, 100 கஜத்தில் எதன் துளைகள் ஒன்றரை அங்குலத்துக்குள் கூடுகின்றனவோ அதைத்தான் நவம்பரில் எடுத்துப் போவேன்.